முப்பத்தைந்து மில்லிலீற்றர்

தம்பி,

வியாழக்கிழமை பின்னேரம் வேலையிடத்திலிருந்து போன் எடுத்து நீ கேட்டாய்: “அம்மா, அனிட்டான்ர அப்பாவை ஒரு வகுப்புப் பிள்ளையளுக்கு முன்னால ‘குடிச்சிட்டீரோ’ எண்டு நீங்கள் கேட்டனீங்களோ?” நான், “சனிக்கிழமை சொல்லுறன்” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அதிலிருந்து நீ என்னோடு கதைக்கவில்லை. இரண்டு நாளாக இடியப்பத்தைச் சம்பலும் இல்லாமல் சொதியும் இல்லாமல் வெறும் வாயால் விழுங்கிவிட்டு ஒஃபிசுக்கு ஓடுகிறாய். இன்று சனிக்கிழமை. பதில் இதுதான்: ஓம், நீ கட்டப்போகிறவளின் அப்பாவை அப்படிக் கேட்டேன். உனக்குச் சோறு தீத்தும்போது கதை சொன்ன இதே வாயால்தான் கேட்டேன்.

வெள்ளவத்தையில் இரண்டு அறை வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மகனுக்குக் கடிதமா என்று உன் அப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும். நேரில் சொன்னால் நான் இடையில் கத்துவேன், நீ எழும்பிப் போவாய், பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். என் குணம் உனக்குத் தெரியும். அதோடு இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைக்கவும் வேண்டாம். யாரும் வாசிக்கலாம். அன்று எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை இன்று உன் ஒருவனின் காதுக்குள் சொல்லி மெல்லமாகக் கழுவிவிட முடியாது.

நீ பிறப்பதற்கு முந்திய கதை இது. கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டாவது வருடம். உயர்தர வகுப்புக்கு இரசாயனம். பட்டம் பெற்ற புதுச் சூடு, நாக்கிலும் சூடு. ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொண்டவர் அனிட்டாவின் அப்பா, சூசை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அப்படியிருந்தும் நான் ‘சூசை அண்ணை’ என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, வெறும் ‘சூசை’தான். ஹாபர் பக்கத்து ஆள், தகப்பனும் சகோதரங்களும் கப்பலில் மூட்டை இறக்கினவர்கள். முந்தி நன்றாகக் குடித்தவர் என்றும், கலியாணத்தன்று கோயிலில் நேர்த்தி வைத்து விட்டுவிட்டார் என்றும் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். இரண்டு வருடம் ஒரு சொட்டுத் தொடாத மனிதரின் கையில்தான் எங்கள் ஸ்பிரிட் அலுமாரியின் சாவி இருந்தது. பழைய அதிபர் அதைத் தெரிந்துகொண்டே கொடுத்திருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. பூனையிடம் பாலைக் கொடுத்த மாதிரி என்று ஆசிரியர் அறையில் இருந்து வாய் கூசாமல் பகிடி விட்டிருக்கிறேன்.

ஒருநாள் செய்முறைக்குப் பாதிக்குப் பாதி கலந்த எதனோல் தேவைப்பட்டது. “சூசை, சுத்தமான எதனோல் ஐந்நூறு, தண்ணீர் ஐந்நூறு, ஒரு லீற்றர் குடுவையில விட்டுக் கொண்டு வாரும்” என்றேன். அவர் உள்ளறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் குடுவையை இரண்டு கையாலும் பிடித்தபடி விறுவிறென்று வந்தார். மேசையில் வைத்தார். குடுவையின் கழுத்தில் ஒரு லீற்றருக்கு ஒரு கோடு இருக்கும், உனக்குத் தெரியும். நீர்மட்டம் அந்தக் கோட்டுக்கு வரவில்லை. கழுத்திலேயே இல்லை, கீழே வயிற்றில் நின்றது. கோட்டை எட்ட எவ்வளவு வேண்டும் என்று அங்கேயே தண்ணீர் விட்டு அளந்தேன். முப்பத்தைந்து மில்லிலீற்றர் குறைவு.

நான் சூசையை நிமிர்ந்து பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கண் பளபளத்தது. குடுவையைத் தொட்டால் சூடு. மூன்று சாட்சி கிடைத்துவிட்டது எனக்கு. ஒளித்து நின்று குடித்த ஆளுக்கு மூச்சு வாங்காதா, கண் பளபளக்காதா, பயத்தில் கை சுடாதா?

“மிஸ், இதப் பாருங்க...” என்று அவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். “பாத்தாச்சு. மிச்சம் எங்க? குடிச்சிட்டீரோ?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சூசையின் முகம் விழுந்ததை நான் கண்டேன். “இல்ல மிஸ். நான் தொடவே இல்ல மிஸ்” என்றார். அவ்வளவுதான். நான் விடவில்லையே. அன்றே அதிபருக்கு எழுதிக் கொடுத்தேன். அலுமாரிச் சாவி என் கைக்கு வந்தது. அடுத்த நாளிலிருந்து சூசை வாசலில் கேற் திறந்து பூட்டினார். பிள்ளைகள் அவரைத் தாண்டும்போது வாயில் பெருவிரலை வைத்துக் குடிக்கிற மாதிரிக் காட்டிக்கொண்டு போனார்கள். நான் அதையும் கண்டேன். கண்டுவிட்டு என் பாட்டில் போனேன்.

மூன்று மாதம் கழித்து அதே செய்முறை அடுத்த வகுப்புக்கு வந்தது. இந்த முறை நானே அளந்தேன். கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒரு சொட்டும் சிந்தாமல், ஐந்நூறும் ஐந்நூறும். குடுவையில் விட்டேன். கோட்டுக்கு வரவில்லை.

தம்பி, அந்தக் கணத்தை நான் எப்படி உனக்குச் சொல்வேன்? முதலில் அளவுக் கண்ணாடிதான் பிழை என்று நினைத்தேன். வேறொன்று எடுத்தேன். ஐம்பதும் ஐம்பதுமாக விட்டுப் பார்த்தேன். நூறு வரவில்லை. தொண்ணூற்றேழைக்கூடத் தொடவில்லை. மறுபடி விட்டேன், மறுபடியும் அதுவேதான். என் கண் முன்னால், பூட்டின அறைக்குள், ஒருவரும் தொடாமல் மூன்றரை மில்லிலீற்றர் இல்லாமல் போனது. கள்ளனும் இல்லை, ஓட்டையும் இல்லை. குடுவை தன்பாட்டில் சூடாகிக்கொண்டு வந்தது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, இரண்டு பச்சைத்தண்ணீர் மாதிரியான திரவங்கள் ஒன்றையொன்று கண்ட சந்தோசத்தில் சுடுகின்றன! நான் அம்மாடி என்று வாய்விட்டே சொன்னேன்.

இதில் வெட்கம் என்ன தெரியுமா? எனக்கு இது தெரியும். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடப் பரீட்சையில் இதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். எதனோலும் நீரும் கலந்தால் கனவளவு சுருங்கும், வெப்பம் வெளிவரும், ஐதரசன் பிணைப்பு, மூலக்கூறுகளின் இடைவெளி, எல்லாம் வரி பிசகாமல் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். ஆனால் அது உண்மையாகவே என் மேசைக்கு நடந்து வந்து நின்றபோது எனக்கு ஆளைத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மனிதரைக் கள்ளன் என்றேன்.

பிறகு அதை வகுப்பில் விளக்கும்போது பஸ் கதைதான் சொல்வேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருகிற பஸ்ஸில் இனி ஒரு ஈயும் ஏற இடமில்லை என்று நினைப்போம். கொண்டக்டர் “இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட”, முன்னுக்குப் போங்கோ என்று சிங்களத்தில் கத்த, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்துப் பேர் பெரியவர்களுக்கு இடையில் நுழைந்து நின்றுவிடுவார்கள். பஸ் பெரிதாகவில்லை, ஆனால் எல்லாரும் உள்ளே. தண்ணீரும் மதுசாரமும் அப்படித்தான், ஒன்றின் இடைவெளிக்குள் மற்றது நெருங்கிக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு விளங்கும். எனக்கோ, இன்றைக்கும் முழுக்க விளங்கியது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறை அந்த மட்டம் இறங்குவதைப் பார்க்கும்போதும் மயிர் சிலிர்க்கும்.

அன்றே அதிபரிடம் ஓடினேன். “நான் பிழையா விளங்கிக்கொண்டிட்டன்” என்றேன். சூசை திரும்ப ஆய்வுகூடத்துக்கு வந்தார். நான் அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? “சூசை, இந்தாரும் சாவி.” அவ்வளவுதான். சாவியைக் கொடுத்தால் எல்லாம் சரி என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன். சிரித்த பிள்ளைகள் சோதனை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துச் சொல்லவா முடியும் என்றும் சொல்லிக்கொண்டேன். பட்டதாரி ரீச்சர் ஒரு லாப் ஆளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று உள்ளே ஒன்று கிடந்து முனகியது. அதுதான் உண்மையான காரணம். மிச்சமெல்லாம் சாட்டு.

அதன்பிறகு வருடாவருடம் அந்தப் பாடம் வரும். நான் சொல்லாமலே என் மேசையில் இரண்டு மெசரிங் சிலிண்டர் இருக்கும், ஒன்றில் ஐம்பது தண்ணீர், மற்றதில் ஐம்பது எதனோல், பக்கத்தில் ஒரு வெறும் நூறு. பொட்டுப் பிசகாமல் அளந்து வைத்திருப்பார். நான் சிலிண்டரைக் கையில் எடுத்ததும் சூசை அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவார். நான் ஊற்றுவேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்து “ஆ!” என்பார்கள். நான் கதவைப் பார்க்கமாட்டேன்.

உனக்கு அந்த ஆய்வுகூடம் நன்றாகத் தெரியும். உன் பள்ளிக்கூடம் விட்டால் வான் வண்டி உன்னை என்னிடம் கொண்டுவந்து இறக்கும். அனிட்டாவும் தகப்பனைத் தேடி வருவாள். பின் வாங்குப் பலகையில் இரண்டு பேரும் காலை ஆட்டிக்கொண்டு இருப்பீர்கள். ஒருநாள் நான் வகுப்பு முடிந்து வரும்போது உங்கள் முன்னால் ஐந்து சோதனைக் குழாய் வரிசையாக நின்றது. மெதனோல், எதனோல், புரோப்பனோல், பியூற்றனோல், பென்றனோல். நிறம் போட்ட தண்ணீரில் ஒவ்வொன்றாக சூசை விட்டுக் காட்டினாராம். நீங்கள் கிட்டப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தீர்களாம். முதல் மூன்றும் தண்ணீரோடு ஒன்றாகிவிட்டன. நாலாவது கலங்கி, போவதா நிற்பதா என்று யோசித்தது. ஐந்தாவது மேலே ஏறித் தனியாக உட்கார்ந்துகொண்டது. நீ அன்று வீடு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய்: “அம்மா, வால் நீண்டதுகள் தண்ணியோட சேராதாம். சூசை மாமா சொன்னவர். வால் நீள நீளப் பெருமையாம்.” நான் உன்னை அதட்டினேன். “அதெல்லாம் காபன் சங்கிலி, வால் இல்லை.” என் பெயருக்குப் பின்னாலும் பட்டம் என்று ஒரு நீண்ட வால் தொங்கியது, தம்பி. அது எனக்குச் சுட்டது.

நீ அனிட்டாவைத்தான் கட்டுவேன் என்று சொன்ன அன்று நான் பத்து நிமிடம் பேசாமல் இருந்தேன், நினைவிருக்கிறதா? நாங்கள் சைவம், அவர்கள் கத்தோலிக்க வேதம், அதுதான் யோசிக்கிறேன் என்று நீ நினைத்தாய். சனத்துக்கும் அப்படித்தான் பட்டது. எனக்கு மதம் வந்து தட்டவேயில்லை. அந்தப் பிள்ளையை எனக்குக் கால் ஆட்டின வயதிலிருந்தே பிடிக்கும். எனக்கு வந்து தட்டியது அந்தக் குடுவை. கலியாணத்தில் யாராவது மேடை ஏறித் தண்ணீரும் மதுசாரமும் கலந்த மாதிரி என்று உங்களை வாழ்த்தினால் நான் எழும்பிப் போய்விடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

வீடு பார்க்க அவர்கள் வந்த நாளும் உனக்குத் தெரியும். சூசை வரவில்லை. தமக்கையைக் கேக்கோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் அனுப்பிவைத்தார். முழங்கால் நோ என்றார்கள். பெண்ணைக் கொடுக்கிற தகப்பன் சம்பந்தி வீட்டுப் படி ஏறாமல் ஒரு கலியாணமா? உன் அப்பா, “பாவம், மருந்து எடுக்கச் சொல்லு” என்றார். முழங்காலில் ஒன்றுமில்லை என்று இந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். அவள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு குசினிக்குள் நின்றாள்.

பிறகு உங்கள் கலியாண அறிவித்தலின் முதலாவது ஓலை வாசித்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைக் கோயிலில் கடைசி வாங்கில் நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சுவாமியார் உன் பெயரையும் அனிட்டாவின் பெயரையும் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து அறிவிக்க வேண்டும் என்றார். அவர் எல்லாருக்கும் வாசிக்கிற வழமையான வரிதான். ஆனால் நான் எனக்குள் பதில் சொன்னேன். தெரியும், சுவாமி. தடை நான்தான். இரண்டு வாங்குக்கு முன்னால் சூசையின் நரைத்த பின்தலை தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அன்று பின்னேரம் தர்ஷினிக்குப் போன் எடுத்தேன். அந்த வகுப்பில் முன்வாங்கில் இருந்து சிரித்தவள், இப்போது அதே பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறாள். “உங்கட வற்ஸ்அப்பில உள்ள ஆக்கள் எல்லாரையும் கூப்பிடு, ஒரு பாடம் அரைகுறையா நிக்குது” என்றேன். இன்றைய சனிக்கிழமையைக் குறித்தோம். அதற்குள் அனிட்டா உனக்குச் சொல்லிவிட, வியாழக்கிழமை நீ முந்திக்கொண்டாய். நீ போனில் கடைசியாகச் சொன்னது என்னைக் குத்திக் கிழித்துவிட்டது: “வருசா வருசம் அந்தக் கதவுக்குப் பின்னால நிண்டவராம் அம்மா. அவர் போகேல்ல. அங்கதான் நிண்டவராம்.” அத்தனை வருடமும் வெளியே போய்விட்டார் என்று நினைத்தேன். ஒரு பலகையின் மறுபக்கம் நின்றிருக்கிறார். “சனிக்கிழமை சொல்லுறன்” என்றேன். போனை வைத்துவிட்டேன்.

நேற்று அவருடைய வீட்டுக்குத் தனியாகப் போனேன். கதவைத் திறந்தவர் பதறிப்போய் மடித்துக் கட்டின சாரத்தை இறக்கிவிட்டார். “வாங்க மிஸ், வாங்க. என்ன மிஸ், தனிய?” கதிரையைத் துடைத்தார். நான் இருக்கவில்லை. “நாளைக்குக் காலமை லாப்புக்கு வரவேணும். நான் ஒரு பாடத்தை முடிக்கேல்ல” என்றேன். அவர் எந்தப் பாடம் என்று கேட்கவில்லை. “வாறேன் மிஸ்” என்றார்.

இன்று காலை ஒன்பது பெண்கள் வந்தார்கள். எல்லாருக்கும் நாற்பது தாண்டிவிட்டது, ஒருத்தி பேரப்பிள்ளைப் படம் காட்டுகிறாள். வாங்கில் இருந்ததும் அதே இடத்தில் அதே மாதிரிக் கிசுகிசுத்தார்கள். சூசை முழுக்கைச் சட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து, பழக்கத்தில் கதவடியில் நின்றார். மேசையில் ஐம்பதும் ஐம்பதும் நானே அளந்து வைத்திருந்தேன். “இண்டைக்கு நீங்கள் ஊத்துங்கோ. வெளியில போகக்கூடாது” என்றேன். அவர் வந்தார். அறுபது தாண்டின கை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. கண்ணாடிக் கோலால் கலக்கினார். மட்டம் இறங்கி நின்றது. ஒன்பது பேரும் எழும்பிக் கிட்ட வந்தார்கள்.

நான் சொன்னேன், தம்பி. சத்தமாகத்தான் சொன்னேன். “அண்டைக்கு இவரை நான் குடிச்சிட்டீரோ எண்டு கேட்டனான். நீங்கள் சிரிச்சனீங்கள். இவர் குடிக்கேல்ல. ஒரு சொட்டும் குறையேல்ல, எல்லாம் அந்தக் குடுவைக்குள்ளதான் இருந்தது. பாடம் தெரியாத ஆள் நான். சூசை அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” தர்ஷினி அழுதாள். “நானும் சிரிச்சனான் அண்ணை” என்றாள்.

சூசை சிலிண்டரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி நின்றார். பிறகு, “சூடா இருக்கு மிஸ்” என்றார்.

“ஓம் அண்ணை, கலக்கேக்க சூடு வரும்.”

“இல்ல மிஸ். அன்னைக்கும் இப்படித்தான். உள்ள நின்னு ஊத்தினேன், கையில சுட்டிச்சு. நெருப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. பாத்தா கோட்டுக்கும் ஏறல்ல. எனக்கு ஆச்சரியம் தாங்கல்ல. இப்படி ஒண்ணு இருக்கா, மிஸ்கிட்ட காட்டணுமேன்னு ஓடித்தான் வந்தேன்.”

அன்று அவருக்கு மூச்சு வாங்கியது, கண் பளபளத்தது, குடுவை சுட்டது. என் மூன்று சாட்சியும் அதுதான். என் வாழ்நாளில் எந்த மாணவியும் அவ்வளவு பெரிய வியப்போடு என் மேசைக்கு ஓடி வந்ததில்லை. நான் ஒன்றரைப் பக்கம் எழுதியும் காணாததை அவர் கையால் தொட்டுக் கண்டிருக்கிறார். நான் கள்ளக்குடி என்று நினைத்தது அதைத்தான்.

“பிறகு ஏன் அண்ணை கதவுக்குப் பின்னால நிண்டனீங்கள்?” என்று கேட்டேன். கேட்காமல் விட முடியவில்லை.

அவர் சிரித்தார். “முதல் ரெண்டு வருசம் என் பேரு வருமான்னு நின்னேன் மிஸ். பொய் சொல்லக்கூடாது. பொறகு அது போயிட்டு. பிள்ளைகள் ‘ஆ’ங்கிற அந்தச் சத்தம் இருக்கே, அதுக்காக நின்னேன். நான் அளந்து வச்சதுதானே.”

நாளை மூன்றாவது ஓலை. அது முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முழங்கால் சுகமாம். நான் கணவாயும் முருங்கைக்காயும் சமைப்பேன், அப்பா கதிரைகளை இழுத்துப் போடுவார். கதவைத் திறக்கப் போகிறவன் நீ. இந்த வீட்டுக்கு முதல் முறை வருகிற மனிதர், வெறுங்கையோடு வரமாட்டார். எதையாவது கண்டிருப்பார், எதையாவது கொண்டுவந்து “இதப் பாருங்க” என்று தொடங்குவார். உனக்கு நான் வைத்துவிட்டுப் போகிற புத்திமதி இந்த ஒன்றுதான், ராசா: அவர் அந்த வசனத்தை முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. கையில் இருப்பதைத் தொட்டுப் பார்.

அம்மா